மேக்னம் சுழல் துப்பாக்கிகளும் முழு ஆற்றல் தோட்டாக்களும்

மேக்னம் சுழல் துப்பாக்கி என்பது, வழக்கமான கைத்துப்பாக்கித் தோட்டாவைவிட மிகுந்த அழுத்தத்தில் இயங்கும் தோட்டாவைச் சுடுவதற்கென உறுதியாகச் செய்யப்பட்ட ரிவால்வர் ஆகும். இவ்வகையில் முதலாவதான .357 மேக்னம் 1935ஆம் ஆண்டிலும், அதைவிட வலிய .44 மேக்னம் 1956ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் அறிமுகமாயின. இரண்டையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமே முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் இரண்டுக்கும் வழியமைத்தவர்கள் தொழிற்சாலைப் பொறியாளர்கள் மட்டுமல்லர். சுட்ட தோட்டாக் கூடுகளை மீண்டும் எடுத்து, வீட்டு மேசையில் வைத்துத் தாமே வெடிமருந்து நிரப்பிச் சுட்டுப் பார்த்த தனிமனிதர்களுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

தோட்டாவின் ஆற்றலை உயர்த்துவது ஒப்பீட்டளவில் எளிது. அதைத் தாங்கும் எஃகையும், அதைக் கட்டுப்படுத்தும் கையையும் உருவாக்குவதே கடினமானது. மேக்னம் ரிவால்வர்களின் வரலாற்றில் நேர்ந்த விபத்துகள், மாற்றங்கள், பின்வாங்கல்கள் பலவற்றுக்கும் இந்த இடைவெளியே காரணமாக இருந்தது.

தோட்டாவின் அமைப்பும் அழுத்தமும்

ஒரு தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. அவை பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் பொருத்தப்பட்ட பிரைமர், கூட்டினுள் இருக்கும் புகையற்ற வெடிமருந்து, வாய்ப்பகுதியில் செருகப்பட்ட குண்டு என்பனவாகும். துப்பாக்கியின் சுத்தியல் பிரைமரைத் தாக்கியதும் அது தீப்பற்றி மருந்தை எரிக்கிறது. எரியும் மருந்து வாயுவாக மாறி, குண்டைக் குழல் வழியாகத் தள்ளுகிறது. அதே வாயு, தோட்டா அமர்ந்திருக்கும் அறையின் சுவரையும் எல்லாத் திசையிலும் தள்ளுகிறது.

ரிவால்வரில் இந்த அறைகள் ஒரு சுழல் உருளையில் வட்டமாகத் துளைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் ஓர் உருளையில் ஆறு அறைகள் இருக்கும். உருளையின் பருமனைக் கூட்டாமல் தோட்டாவின் விட்டத்தை மட்டும் கூட்டினால், அறைகளுக்கு இடையிலும் வெளிப்புறத்திலும் உள்ள எஃகுச் சுவர் மெலிந்துவிடும். இந்த எளிய வடிவியல் உண்மையே பின்னர் நடந்தவற்றைப் பெரிதும் தீர்மானித்தது.

அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு, ஒவ்வொரு வகைத் தோட்டாவுக்கும் உச்ச அழுத்த வரம்பை வகுத்துள்ளது. இன்றைய அளவீட்டு முறையில் .45 கோல்ட் தோட்டாவுக்கு இது சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு, .44 ஸ்பெஷலுக்கு 15,500 பவுண்டு, .38 ஸ்பெஷலுக்கு 17,000 பவுண்டு ஆகும். .357 மேக்னத்துக்கு 35,000 பவுண்டு, .44 மேக்னத்துக்கு 36,000 பவுண்டு. அதாவது, ஏறத்தாழ ஒரே அளவுள்ள தோட்டாவில் அழுத்தம் இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்ததையே ‘மேக்னம்’ என்ற சொல் குறிக்கிறது. ‘முழு ஆற்றல் தோட்டா’ என்பது இந்த வரம்பை ஒட்டி நிரப்பப்பட்ட தோட்டாவாகும்.

முன்னோடித் தோட்டாக்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரிவால்வர் தோட்டாக்கள் கருமருந்தைக் கொண்டு இயங்கின. கருமருந்து பெருமளவு இடத்தை நிரப்பும். அதன் அழுத்தமோ குறைவு. எனவே கூடு நிறைய மருந்திட்டாலும் துப்பாக்கிக்கு ஆபத்து நேர்வது அரிது. புகையற்ற மருந்து வந்தபின் இந்நிலை மாறியது. அதே கூட்டில் ஒரு சிறு பகுதியை நிரப்பினாலே பழைய வேகம் கிடைத்தது. எஞ்சிய வெற்றிடம், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் என்ன என்ற ஆவலைத் தூண்டியது.

1890களின் இறுதியில் தோன்றிய .38 ஸ்பெஷல், அமெரிக்கக் காவலர்களின் பொதுத் தோட்டாவாக நெடுங்காலம் இருந்தது. 10.2 கிராம் எடையுள்ள ஈயக் குண்டை அது நொடிக்குச் சுமார் 230 மீட்டர் வேகத்தில் செலுத்தும். 1920களில் மதுவிலக்குக் காலக் கொள்ளையர்கள் கார்களில் தப்பிச் சென்றபோது, அந்தக் கார்களின் உலோகத் தகட்டை இத்தோட்டா துளைக்கவில்லை என்ற குறை எழுந்தது. கோல்ட் நிறுவனம் 1929இல் .38 சூப்பர் என்ற வேகமான தோட்டாவைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்காக வெளியிட்டது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதற்கு 1930இல் விடையளித்தது. .44 அளவுத் தோட்டாவுக்கான தன் பெரிய சட்டகத்தில் .38 அளவுக்கு அறை துளைத்து, ‘.38/44 ஹெவி டியூட்டி’ என்ற ரிவால்வரை உருவாக்கியது. பெரிய உருளையில் சிறிய துளை என்பதால் அறைச் சுவர்கள் தடித்திருந்தன. அதற்கென வந்த வலிய .38 தோட்டா, அதே எடைக் குண்டை நொடிக்குச் சுமார் 335 மீட்டர் வேகத்தில் செலுத்தியது. ஆனால் அத்தோட்டாவின் கூடு சாதாரண .38 ஸ்பெஷல் கூட்டின் நீளமே கொண்டிருந்தது. ஆகவே பழைய, மெலிந்த ரிவால்வரிலும் அது நுழைந்துவிடும். இந்த ஆபத்துக்குத் தீர்வு காண வேண்டியிருந்தது.

எல்மர் கீத்தின் சோதனைகள்

எல்மர் கீத் (1899–1984) ஐடஹோ மாநிலத்தில் கால்நடைப் பண்ணையாளராகவும் வேட்டை வழிகாட்டியாகவும் வாழ்ந்தவர். துப்பாக்கி பற்றிய கட்டுரைகளால் புகழ்பெற்றார். இளமையில் அவர் .45 கோல்ட் ரிவால்வரில் கனமான குண்டுகளையும் மிகுதியான மருந்தையும் நிரப்பிச் சுட்டு வந்தார். 1920களின் நடுவில் அவரது கையிலேயே ஒரு ரிவால்வரின் உருளை வெடித்துச் சிதறியது. அவர் பெரிய காயமின்றித் தப்பினார்.

இவ்விபத்திலிருந்து கீத் எடுத்த முடிவு முக்கியமானது. .45 தோட்டாவின் கூடு பருமனானது. அதனால் கோல்ட் உருளையின் அறைச் சுவர்கள் மெலிந்திருந்தன. அதே அளவு உருளையில் .44 ஸ்பெஷலுக்கு அறை துளைத்தால் சுவர்கள் தடிக்கும். 1907இல் அறிமுகமான .44 ஸ்பெஷல், தொழிற்சாலையில் மிக மென்மையாக நிரப்பப்பட்டு வந்தது. 16 கிராம் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 230 மீட்டர் வேகம் என்ற அளவில்தான் அது இருந்தது. கீத் தம் வீட்டுத் தோட்டாக்களில் ஏறத்தாழ அதே எடைக் குண்டை நொடிக்குச் சுமார் 365 மீட்டர் வேகத்துக்கு உயர்த்தினார். குண்டின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ இரண்டரை மடங்கானது.

1920களின் பிற்பகுதியில் அவர் வடிவமைத்த குண்டும் வரலாற்றில் நிலைத்தது. தட்டையான முனை, கூர்மையான விளிம்புள்ள தோள், ஆழமான மெழுகுப் பள்ளம், கூட்டின் வாயை மடித்து இறுக்குவதற்கான தனிப் பள்ளம் ஆகியவை அதன் அடையாளங்கள். குண்டின் பெரும்பகுதி கூட்டுக்கு வெளியே நீண்டிருந்ததால், உள்ளே மருந்துக்குக் கூடுதல் இடம் கிடைத்தது. லைமன் நிறுவனம் இக்குண்டை வார்ப்பதற்கான அச்சுகளை விற்றது. இன்றும் இவ்வடிவம் ‘கீத் குண்டு’ என்றே அழைக்கப்படுகிறது.

1935: .357 மேக்னம்

.38/44 தோட்டாவை இன்னும் வலிமையாக்கும் முயற்சியில் மூவர் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஒருவர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் டக்ளஸ் வெஸ்ஸன். இன்னொருவர், தோட்டா நிரப்புதல் பற்றிய விரிவான கையேட்டை 1937இல் வெளியிட்ட பிலிப் ஷார்ப். மூன்றாமவர், .38/44 ரிவால்வரில் தம் குண்டுகளைச் சோதித்து வந்த கீத். தோட்டாவைத் தயாரிக்கும் பொறுப்பை வின்செஸ்டர் நிறுவனம் ஏற்றது.

பழைய ரிவால்வர்களில் புதிய தோட்டா நுழையாதிருக்க, .38 ஸ்பெஷல் கூட்டைவிட ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூடு நீளமாக்கப்பட்டது. குண்டின் விட்டம் மாறவில்லை. .38 ஸ்பெஷல் குண்டின் உண்மை விட்டமும் .357 அங்குலத்தை ஒட்டியதே. எனவே .357 ரிவால்வரில் .38 தோட்டாவைச் சுடலாம்; .38 ரிவால்வரில் .357 தோட்டா பொருந்தாது. ஒரு பாதுகாப்பு ஏற்பாடாகத் தொடங்கிய இந்த ஒருவழிப் பொருத்தம், பின்னாளில் எதிர்பாராத விளைவு ஒன்றையும் தந்தது.

‘மேக்னம்’ என்பது பெரிது எனப் பொருள்படும் இலத்தீன் சொல். வழக்கமானதைவிட இரு மடங்கு கொள்ளும் பெரிய மதுப் புட்டிக்கு அப்பெயர் உண்டு. பிரித்தானியத் துப்பாக்கியாளர்கள் வலிய ரைஃபிள் தோட்டாக்களுக்கு அச்சொல்லை ஏற்கெனவே பயன்படுத்தி வந்தனர். கைத்துப்பாக்கித் தோட்டாவின் பெயரில் அது நிலைபெற்றது 1935இல்தான்.

முதல் ரிவால்வர் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்கு வழங்கப்பட்டது. ஒவ்வொரு துப்பாக்கியும் வாங்குபவர் கேட்ட குழல் நீளத்தில் செய்யப்பட்டு, பதிவு எண்ணோடும் சான்றிதழோடும் அனுப்பப்பட்டதால் ‘பதிவு பெற்ற மேக்னம்’ என அழைக்கப்பட்டது. விலை 60 டாலர். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அது பெருந்தொகை; ஆயினும் ஆணைகள் குவிந்தன. பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற தளபதி ஜார்ஜ் பேட்டனும் இத்துப்பாக்கியை வாங்கியவர்களுள் ஒருவர். பதிவு முறை 1939இல் நிறுத்தப்பட்டது. விற்பனையைக் கூட்டுவதற்காக டக்ளஸ் வெஸ்ஸனே வயோமிங்கில் எல்க் உள்ளிட்ட பெரிய விலங்குகளை இத்துப்பாக்கியால் வேட்டையாடிக் காட்டினார்.

விளம்பரத்தில் சொல்லப்பட்ட வேகம் நொடிக்குச் சுமார் 460 மீட்டர். இது 8¾ அங்குல நீளக் குழலில் அளந்தது. அந்த வேகத்தில் 10.2 கிராம் குண்டின் ஆற்றல் 1,000 ஜூலைத் தாண்டியது. சாதாரண .38 ஸ்பெஷலின் ஆற்றல் 270 ஜூல் அளவே. ஆனால் தொடக்கத் தோட்டாக்களில் மென்மையான ஈயக் குண்டு இருந்ததால், அவ்வேகத்தில் ஈயம் குழலின் உட்புறத்தில் படிந்து குறி தவறச் செய்தது. இக்குறையைத் தீர்க்கும் வழிகளும் வீட்டில் தோட்டா நிரப்புவோரிடையேதான் பெரிதும் பரவின. கடினமான ஈயக் கலவை, குண்டின் அடியில் பொருத்தும் சிறு செப்புக் கிண்ணி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

வீட்டில் தோட்டா நிரப்புதல்

சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடு, தோட்டாவின் விலையுயர்ந்த பகுதி. அதை மீண்டும் பயன்படுத்துவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அமெரிக்க எல்லைப்புற மக்களின் வழக்கமாக இருந்தது. ஐடியல் நிறுவனத்தின் இடுக்கி போன்ற கருவி 1880களில் விற்பனைக்கு வந்தது. அந்நிறுவனத்தை 1925இல் லைமன் வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன்பின்னும் ஆர்.சி.பி.எஸ்., ஸ்பியர், ஹார்னடி போன்ற நிறுவனங்கள் தோன்றி, அழுத்து இயந்திரங்களையும் குண்டுகளையும் அச்சிட்ட அளவுப் பட்டியல்களையும் பரவலாக்கின.

பணியின் படிகள் எளியவை. சுட்ட கூடு முதலில் அச்சில் அழுத்தப்பட்டுப் பழைய அளவுக்குத் திரும்புகிறது. எரிந்த பிரைமர் நீக்கப்பட்டுப் புதியது பொருத்தப்படுகிறது. தராசில் நிறுத்த மருந்து இடப்படுகிறது. குண்டு செருகப்பட்டு, கூட்டின் வாய் மடித்து இறுக்கப்படுகிறது.

மேக்னம் தோட்டாவில் இக்கடைசிப் படிக்குத் தனிப் பொருள் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூடுகளும் துப்பாக்கியோடு பின்னே செல்கின்றன. குண்டுகளோ தம் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. இறுக்கம் போதாவிட்டால் குண்டு மெல்ல மெல்ல வெளியே நகர்ந்து, உருளையின் முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு, உருளை சுழல முடியாமல் செய்துவிடும். வேட்டையிலோ மோதலிலோ இது நேர்ந்தால் துப்பாக்கி பயனற்ற இரும்பாகிவிடும்.

மருந்தின் தேர்விலும் எதிரெதிரான இரு ஆபத்துகள் இருந்தன. விரைவாக எரியும் மருந்து சிறிதளவே தேவைப்படுவதால், கவனக்குறைவில் ஒரே கூட்டில் இருமுறை ஊற்றினாலும் கூடு நிரம்பி வழியாது. தவறு கண்ணில் படாது. மெதுவாக எரியும் மருந்து கூட்டை நிரப்புவதால் இத்தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் அவ்வகை மருந்துகள் சிலவற்றை மிகக் குறைவாக இட்டால் எரிதல் சீரற்றுப் போகும். அதனால் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கின்றனர். ஹெர்குலிஸ் நிறுவனம் 1930களில் வெளியிட்ட ‘2400’ என்ற மருந்து, வேகத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையே நல்ல சமநிலை தந்ததால் மேக்னம் தோட்டாக்களோடு நெருங்கிய தொடர்பு பெற்றது.

1956: .44 மேக்னம்

.357 வந்தபின்னும் கீத் நிறைவடையவில்லை. பெரிய விலங்குகளுக்கு .44 விட்டமே வேண்டும் என்று அவர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு எழுதி வந்தார். தாம் வீட்டில் நிரப்பிய .44 ஸ்பெஷல் தோட்டாவைத் தொழிற்சாலைகள் அப்படியே தயாரிக்க வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. தோட்டா நிறுவனங்கள் தயங்கின. அத்தகைய தோட்டா விற்பனைக்கு வந்தால், 1907 முதல் விற்ற எல்லா .44 ஸ்பெஷல் ரிவால்வர்களிலும் அது நுழைந்துவிடும். அவற்றுள் பல அதைத் தாங்கா.

1950களில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தலைவர் கார்ல் ஹெல்ஸ்ட்ரோமும் ரெமிங்டன் நிறுவனமும் இணைந்தபோது, .357இல் கையாண்ட தீர்வே மீண்டும் கையாளப்பட்டது. .44 ஸ்பெஷல் கூடு எட்டில் ஒரு அங்குலம் நீட்டப்பட்டது. கீத் கேட்டது நொடிக்கு 365 மீட்டர் வேகம். ரெமிங்டன் தந்ததோ 15.5 கிராம் குண்டுக்குச் சுமார் 450 மீட்டர் வேகம். ஆற்றல் 1,500 ஜூல் அளவை எட்டியது. உருளை நீட்டப்பட்டு, குழல் கனமாக்கப்பட்டு, 6½ அங்குலக் குழலுள்ள ரிவால்வரின் எடை ஏறத்தாழ 1.35 கிலோகிராம் ஆனது. முதல் துப்பாக்கி 1955 டிசம்பர் இறுதியில் பொருத்தி முடிக்கப்பட்டது. 1956 சனவரியில் அறிவிப்பு வந்தது. 1957இல் இது ‘மாடல் 29’ என்ற எண்ணைப் பெற்றது.

போட்டி நிறுவனமான ரூகரும் 1956இலேயே .44 மேக்னம் ரிவால்வரை வெளியிட்டது. முதலில் தன் .357 ரிவால்வரின் சட்டகத்திலேயே அதைச் செய்ய முயன்றது. சோதனையில் ஒரு மாதிரி வெடித்ததும் சட்டகமும் உருளையும் பெரிதாக்கப்பட்டன. கீத்தின் கையில் நிகழ்ந்த பாடத்தைத் தொழிற்சாலை தன் சோதனைக் கூடத்தில் கற்றது எனலாம்.

எஃகின் வரம்பு

.44 மேக்னம் பிறந்த அதே காலத்தில் .357இல் எதிர்த்திசைப் பயணம் ஒன்று தொடங்கியது. எல்லைக் காவல் படையைச் சேர்ந்த பில் ஜோர்டன், நாள்முழுதும் இடுப்பில் சுமக்கத்தக்க இலகுவான .357 வேண்டும் என்றார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் நடுத்தரச் சட்டகத்தில் 1955இல் ‘காம்பாட் மேக்னம்’ ரிவால்வரை வெளியிட்டது. பின்னர் இது ‘மாடல் 19’ ஆயிற்று. பயிற்சிக்கு மென்மையான .38 ஸ்பெஷல், பணியில் மேக்னம் என்பதே இதன் பின்னிருந்த எண்ணம்.

அவ்வெண்ணப்படி பயன்படுத்தியவரை துப்பாக்கி நன்றாக உழைத்தது. 1970களில் இரு மாற்றங்கள் வந்தன. ஒன்று, காவல் துறைகள் பயிற்சியிலும் மேக்னம் தோட்டாவையே சுடத் தொடங்கின. மற்றது, 8.1 கிராம் எடையுள்ள இலகுக் குண்டை மிக வேகமாகச் செலுத்தும் தோட்டாக்கள் பரவின. மாடல் 19 குழலின் பின்முனை, அதாவது உருளையிலிருந்து குண்டு நுழையும் வாய், இட நெருக்கடியால் அடிப்பகுதியில் சற்றுச் சீவப்பட்டு மெலிந்திருந்தது. சூடான வாயுவும் எரியும் மருந்துத் துகள்களும் தொடர்ந்து தாக்கியதில் அவ்விடத்தில் விரிசல்கள் தோன்றின. நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இன்னும் தடித்த சட்டகமுள்ள 586, 686 மாடல்களைக் கொண்டுவந்து இச்சிக்கலைத் தீர்த்தது.

.44இலும் இதேபோல் நேர்ந்தது. உலோகத் தகட்டு உருவங்களைச் சுட்டு வீழ்த்தும் போட்டி 1970களில் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பரவியது. அதற்கான பன்னாட்டுக் கைத்துப்பாக்கி அமைப்பு 1976இல் உருவானது. 200 மீட்டர் தொலைவிலுள்ள கனமான ஆட்டுக்கிடா உருவத்தைச் சாய்க்க முழு ஆற்றல் தோட்டா தேவைப்பட்டது. வேட்டைக்காரர் ஓராண்டில் சுடும் தோட்டாக்களைப் போட்டியாளர் ஒரு வார இறுதியிலேயே சுட்டுத் தீர்த்தார். மாடல் 29இன் பூட்டுகள் தளர்ந்தன. சில வேளைகளில் பின்னுதைப்பால் உருளை பின்னோக்கிச் சுழன்றது. 1980களின் பிற்பகுதியில் நிறுவனம் உட்பாகங்களை வலுப்படுத்தியது. அதற்குள் ரூகரின் தடித்த ‘ரெட்ஹாக்’ ரிவால்வர் 1979இலேயே வந்துவிட்டது.

கையின் வரம்பு

எஃகைத் தடிக்கச் செய்யலாம். மனிதக் கை அப்படி மாறுவதில்லை. மேக்னம் தோட்டாவின் உதைப்பும், 160 டெசிபலைத் தாண்டும் ஒலியும், குழல்வாயின் தீப்பிழம்பும் சுடுபவரைக் கண்சிமிட்டச் செய்யும். விசையை இழுக்கும் கணத்திலேயே கையை நடுங்க வைக்கும். .357 ரிவால்வரில் .38 தோட்டாவும் பொருந்தும் என்ற வசதி, இச்சிக்கலை மறைத்துவைக்க உதவியது. பல காவல் துறைகள் செலவையும் உதைப்பையும் கருதி .38 தோட்டாவால் பயிற்சியளித்து, பணிக்கு மேக்னம் தோட்டாவை அனுமதித்தன.

1970 ஏப்ரல் 6ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கலிபோர்னியாவின் நியூஹால் அருகே நெடுஞ்சாலைக் காவல் படையின் நான்கு அலுவலர்கள் சில நிமிடங்களுக்குள் கொல்லப்பட்டனர். தாக்கியவர்கள் இருவர். அமெரிக்கக் காவல் பயிற்சியின் போக்கையே இந்நிகழ்வு மாற்றியது. நிகழ்வுக்குப் பிந்தைய ஆய்வுகளில் பேசப்பட்டவற்றுள் ஒன்று, .38 தோட்டாவால் பயிற்சி பெற்றவர்கள் .357 தோட்டாவோடு பணிக்குச் சென்றது. எதைச் சுமக்கிறாரோ அதைக் கொண்டே பயிற்சி பெற வேண்டும் என்ற விதி இதன்பின் வலுப்பெற்றது. மேலே குறிப்பிட்ட மாடல் 19 விரிசல்கள் பெருகியதற்கு இவ்விதியும் ஒரு காரணம். கைக்குச் சரியான பாடம் எஃகுக்குப் புதிய சுமையாக வந்தது.

வேறு சில துறைகள் மறுவழியைத் தேர்ந்தன. அவை .357 ரிவால்வரை வைத்துக்கொண்டு, சற்று வலுவூட்டிய .38 தோட்டாவையே பணிக்கும் ஏற்றன. 1964இல் வந்த .41 மேக்னமும் இவ்வழியை முயன்றது. கீத், ஜோர்டன் ஆகியோர் ஆதரித்த அத்தோட்டா, காவலருக்கு ஒரு மென்மையான வகை, வேட்டைக்கு ஒரு முழு ஆற்றல் வகை என இரண்டாக வெளியானது. ஆனால் அதற்கான ரிவால்வர்கள் காவலருக்கு மிகக் கனமாக இருந்தன; மென்மையான வகை விற்பனையில் தேங்கியது. 1980களில் அமெரிக்கக் காவல் துறைகள் பெருவாரியாகத் தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கு மாறியபோது, மேக்னம் ரிவால்வரின் காவல் பணிக்காலம் ஏறத்தாழ முடிந்தது.

திரைப்படத்தின் தாக்கம்

1971இல் வெளியான ‘டர்ட்டி ஹாரி’ படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் ஏந்திய மாடல் 29, அதுவரை வேட்டைக்காரர்கள் மட்டுமே அறிந்த .44 மேக்னத்தை உலகறியச் செய்தது. துப்பாக்கிக் கடைகளில் மாடல் 29 கிடைப்பதே அரிதானது. வாங்கியவர்களுள் பலர் சில தோட்டாக்களைச் சுட்டபின் மேலும் சுட விரும்பாமல் விற்றுவிட்டனர் என்பது துப்பாக்கி எழுத்தாளர்கள் அடிக்கடி குறிப்பிடும் செய்தி. 1973இல் வந்த தொடர்ச்சிப் படத்தில், கட்டுப்பாட்டுக்காகத் தான் மென்மையான தோட்டாவையே பயன்படுத்துவதாக அக்கதைமாந்தரே கூறுகிறார். முதல் படத்தின் புகழுரை நினைவில் நின்ற அளவுக்கு இந்தச் செய்தி நிற்கவில்லை.

பிற்கால வளர்ச்சி

வலிமைக்கான தேடல் .44 மேக்னத்தோடு நிற்கவில்லை. டிக் கசுல் என்பவர் 1950களிலேயே .45 விட்டத்தில் தொடங்கிய சோதனைகள், 1983இல் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் .454 கசுல் ரிவால்வராக வெளிவந்தன. கீத்தின் .45 உருளை வெடித்ததற்குக் காரணமான மெலிந்த சுவர் இங்கே வேறுவிதமாகத் தீர்க்கப்பட்டது. உருளை பெரிதாக்கப்பட்டு, ஆறு அறைகளுக்குப் பதில் ஐந்து மட்டுமே துளைக்கப்பட்டன. இத்தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2003இல் .500 மேக்னத்தை அதற்கெனப் புதிதாகச் செய்த மிகப்பெரிய சட்டகத்தில் வெளியிட்டது. அதன் உருளையிலும் ஐந்து அறைகளே உள்ளன.

மறுபுறம், .357 மேக்னத்தின் பொதுவான தொழிற்சாலைத் தோட்டாக்கள் மென்மையாகிவிட்டன. இன்று அதே 10.2 கிராம் குண்டுக்குக் குறிப்பிடப்படும் வேகம் பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 375 மீட்டர். இதற்கு ஒரு காரணம் அளவீட்டு முறை: 1935இல் 8¾ அங்குலக் குழலில் அளந்தனர், இன்று வாயுக் கசிவுக்கு இடம்விட்ட நான்கு அங்குலச் சோதனைக் குழலில் அளக்கின்றனர். மற்றொன்று, சட்டைப்பைக்குள் அடங்கும் இலகு ரிவால்வர்களும் இன்று .357 தோட்டாவைச் சுடுகின்றன. தொழிற்சாலை எல்லாத் துப்பாக்கிகளையும் மனத்தில் வைத்தே நிரப்ப வேண்டியுள்ளது. பழைய வேகம் வேண்டுவோர் சில சிறு நிறுவனங்களை நாடுகின்றனர் அல்லது தாமே நிரப்புகின்றனர்.

அவர்களுக்கான இன்றைய கையேடுகளில் ஒரு தனித்தன்மை உண்டு. .45 கோல்ட் தோட்டாவுக்குப் பல கையேடுகள் இரண்டு தனிப் பட்டியல்களைத் தருகின்றன. ஒன்று எல்லா ரிவால்வர்களுக்கும் உரியது. மற்றது ரூகர் போன்ற குறிப்பிட்ட உறுதியான துப்பாக்கிகளுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு அச்சிடப்படுவது. .357, .44 தோட்டாக்களில் கூட்டின் நீளம் செய்த காவலை, இங்கே அச்சிட்ட ஒரு வரியும் அதைப் படிப்பவரின் கவனமுமே செய்கின்றன. இரண்டாம் பட்டியலின்படி நிரப்பிய தோட்டா, நூறாண்டுப் பழமையான கோல்ட் ரிவால்வரிலும் தடையின்றி நுழையும். எனவே தோட்டா நிரப்புவோர் அவற்றைத் தனிப் பெட்டியிலிட்டு, எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்று மேலே எழுதிவைப்பது அடிப்படைப் பாதுகாப்பு நடைமுறையாக உள்ளது.